கெளுத்திக்கு இரண்டு நிழல்

"இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்" என்று மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மா சொல்லி அனுப்பிய அன்றைக்கு, சலேத்மேரி பஸ்ஸை விட்டு இறங்கி, மீன்கூடையில் துண்டு போட்டு மூடிக் கொண்டுவந்த பூனையை எங்கள் கருவாட்டுக் களத்து ஓரத்தில் இறக்கிவிட்டதும், அது உடம்பை ஒரு முறி முறித்துவிட்டு, வாலைத் தூக்கிக்கொண்டு, வெள்ளை மணலில் வீட்டைப் பார்க்க நடந்தது. நடக்கும்போது அதற்கு இரண்டு நிழல் விழுந்தது. வலப்பக்கத்து நிழல் கொழுகொழுவென்று, காதை விறைத்துக்கொண்டு, காக்காயைக் கண்டால் பாயப்போகிற நிழல். இடப்பக்கத்து நிழல் முதுகெலும்பு துருத்தி, தலையைத் தொங்கப்போட்டு, நாலு எட்டுக்கு ஒருதரம் உட்கார்ந்து எழும்பி வந்தது. பூனை என்னவோ ஒன்றுதான்.

நெத்திலி புரட்டிக்கொண்டிருந்த நாங்கள் நிமிர்ந்து பார்த்தோம். எங்களில் வாய் பெரிசு பிரகாசி மதினிக்குத்தான். இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு சத்தம் போட்டாள்.

"ஏட்டி சலேத்து, ஒரு நிழல் விழுந்தாலே மீன் காயாம நாறுது. ஒம் பூனைக்கு ரெண்டாக்கும்? ஓரமா கூட்டிட்டுப் போட்டி!"

எல்லாரும் சிரித்தோம். சலேத்தும் சிரித்தாள். ஆச்சரியம் என்று பட்டது அவ்வளவுதான், அதற்குமேல் குனிந்து நெத்திலியைப் புரட்டத் தொடங்கிவிட்டோம், ஏனென்றால் வெயில் காத்திருக்காது.

எங்கள் ஊருக்குக் கிழக்கே கடல், மேற்கே ஓர் ஓடை, ஓடைக்கு அந்தப்பக்கம் கண்ணுக்கெட்டுகிற வரைக்கும் உப்பளம். நடுவில் இருக்கிற மணல்திட்டில் ஆம்பிளைகள் பிடித்துவந்து விற்றது போக மிஞ்சினதைக் கீறி, உப்புப் போட்டு, பழைய வலையை விரித்துக் காயவைப்பது பெண்டுகளாகிய எங்கள் வேலை. சலேத்தின் வீட்டுக்காரன் தங்குகடலுக்குப் போகிற படகில் இருக்கிறான். போனால் வர நாள் பிடிக்கும், போனும் எடுக்காது. வீட்டில் அவளும் அவள் மகள் அக்சிலியாவும் அந்தப் பூனையும்தான். அக்சிலியா ஒன்றாம் வகுப்பு. பூனைக்குக் கெளுத்தி என்று பேர் வைத்தது அவள்தான், மீசையைப் பார்த்துவிட்டு. கெளுத்தி அவள் கால்மாட்டில்தான் தூங்கும், அவள் பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரத்துக்குக் களத்து முக்கில் வந்து நிற்கும், நாங்கள் கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்காது, அவள் நாக்கைச் சொடுக்கினால் போதும், எங்கே இருந்தாலும் ஓடிவரும்.

அதன் தாடைக்குக் கீழே ஒரு கட்டி வந்தது. புளியங்கொட்டை அளவில் இருந்தது நெல்லிக்காய் அளவாகி, சாப்பாடு இறங்காமல், நாயைப்போல இருமத் தொடங்கின பிறகுதான் சலேத்து பஸ் ஏறினாள். டாக்டரம்மா பூரணி நல்ல பொம்பிளை. கட்டியில் ஊசி குத்தி எடுத்த தண்ணியைப் பெரிய ஊருக்கு அனுப்பினாள். அங்கிருந்து, எடுத்தது பற்றாது, சரியாகத் தெரியவில்லை என்று பதில் வந்தது. திரும்ப எடுத்து அனுப்பினாள். திரும்பவும் அதே பதில் வந்தது.

"சீழ்க்கட்டியா இருக்கலாம்மா. வேற கட்டியாவும் இருக்கலாம். காசம்னு ஒண்ணு இருக்கு, பூனைக்கு வர்றது ரொம்பக் கம்மி, ஆனா அதுவா இருக்காதுன்னு என்னால இப்ப அடிச்சுச் சொல்ல முடியல. மருந்து தாரேன். பொறுத்துப் பாப்போம்."

"மனுசருக்குத் தொத்துமா டாக்டரம்மா?"

"இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்."

இதைத்தான் கூடையில் வைத்துக் கொண்டுவந்தாள் சலேத்து.

முதல் கொஞ்ச நாள் இரண்டு நிழலும் எங்களோடு நன்றாகவே பழகின. பிள்ளைகள் கொழுத்த நிழலைத் தாண்டித் தாண்டி விளையாடும். மெலிந்த நிழலை மட்டும் மிதிக்காமல் சுற்றிப் போகும், யாரும் சொல்லிக்கொடுக்காமலே. அந்தோனியார் கோயிலில் ஆடு மாடு மந்திரிக்கிற நாளில் உபதேசியார் கெளுத்தியின் மேல் தீர்த்தம் தெளித்துவிட்டு, கொஞ்சம் யோசித்து, வலப்பக்கம் ஒருதரமும் இடப்பக்கம் ஒருதரமும் தெளித்தார். கெளுத்தி வெயிலில் படுத்தால் இரண்டு நிழலும் அதன் இரண்டு பக்கமும் படுத்துக்கொள்ளும். கொழுத்ததைப் பார்த்தவர்கள் "பிழைச்சுக்கிடும்" என்றோம், மெலிந்ததைப் பார்த்தவர்கள் "ரொம்ப நாளைக்கு இல்ல" என்றோம், காலையில் ஒன்றைச் சொன்னவர்கள் சாயங்காலம் மற்றதைச் சொன்னோம். சலேத்து மட்டும் எப்போதும் பூனைக்கு வலப்பக்கமாகவே நடப்பாள்.

ஆனால் 'காசம்' என்ற ஒரு சொல்லும் அவளோடு பஸ்ஸில் இருந்து இறங்கியிருந்தது. தண்ணிக் குழாயடியில் அதற்குக் கால் முளைத்தது.

"பூனைக்கே காசம்னா, அது நக்குன மீனுக்கு?" என்றாள் ஒருத்தி.

"எங்க நக்குச்சு? அது மீனத் திங்கவே மாட்டேங்குது, பாவம்," என்றாள் சலேத்து, குடத்தை நகர்த்திக்கொண்டே.

"திங்கல, சரி. மேல நடக்குதுல்லா? இருமுதுல்லா?" பிரகாசி மதினி குரலைத் தாழ்த்தினாள், தாழ்த்தினாலும் அந்தத் தெரு முழுக்கக் கேட்கும். "அருமைநாயகம் காதுல விழுந்துச்சுன்னு வையி. லாரிய இந்தப் பக்கம் திருப்பவே மாட்டான். ஒம் வீட்டுக்காரனுக்குக் கடல் இருக்கு. எங்களுக்கு இந்தக் களந்தானட்டி இருக்கு."

அருமைநாயகம் எங்களிடம் சரக்கு எடுக்கிற வியாபாரி. வெள்ளைச் சட்டையும் மூக்குக்குக் கைக்குட்டையுமாக லாரியோடு வருவார்.

"டாக்டரம்மா அப்படிச் சொல்லல மதினி. இருக்கலாம்னுதான் சொன்னாவ."

"அதத்தான் நானுஞ் சொல்லுதேன். இருக்கலாம்லா?"

அந்த வாரமே அக்சிலியா பள்ளிக்கூடத்தில் செபம் சொல்லும்போது இருமினாள். பிள்ளைகள் எல்லாம் இருமுகிற பனிக்காலம் அது. எங்கள் வீட்டுப் பிள்ளைகளும்தான் இருமின. ஆனால் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் பூனையோடு படுப்பதில்லை என்று நாங்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். சலேத்து மகளை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனாள். "சளியாத்தான் இருக்கும்" என்று நர்ஸ் சொன்னாள். இருக்கும் என்றுதான் சொன்னாள். திரும்பி வரும் வழியெல்லாம் சலேத்து மகளின் முகத்தைப் பார்க்கவில்லை, மணலில் விழுந்த அவள் நிழலையே பார்த்துக்கொண்டு வந்தாள். ஒன்றுதான் விழுந்தது. திரும்பத் திரும்ப எண்ணினாலும் ஒன்றுதான். ஆனாலும் வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள், மறுநாள் பிரகாசி மதினி வந்து பூனையைக் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்றபோது தலையாட்டினாள்.

எங்கள் பக்கத்தில் வேண்டாத பூனையைக் கொண்டுபோய் விடுவதற்கென்று ஒரு முறை இருக்கிறது. சாக்கில் போட்டு வாயைக் கட்டி, ஓடையைத் தாண்டி உப்பளத்துக்குக் கொண்டுபோய், சாக்கை மூன்று சுற்றுச் சுற்றினால் பூனைக்குத் திசை மறந்துபோகும். பாவம் சேரக்கூடாது என்பதற்காக ஒரு மீன்தலையை வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். வரும் வழியில் அதன் பேரைச் சொல்லக்கூடாது. அவ்வளவுதான், கையில் ரத்தம் இல்லை, மனதிலும் ஒன்றும் இல்லை. சலேத்துக்கு எல்லாமே களத்தில் கிடைத்தது. ஒரு வீட்டுச் சாக்கு, ஒரு வீட்டுக் கயிறு, ஒரு வீட்டிலிருந்து நல்ல சூரைமீன் தலை. யாரும் கேட்டு வாங்கவில்லை. நாங்களாகவே கொண்டுவந்து வைத்தோம்.

அக்சிலியா பள்ளிக்கூடம் போனபிறகு சலேத்தும் பிரகாசி மதினியும் ஓடையைக் கடந்தார்கள். சாக்குக்குள் கெளுத்தி கத்தும், பிராண்டும் என்று பயந்துகொண்டே போனார்களாம். அது கத்தவில்லை. கூடையில் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது எப்படி நெஞ்சுக்குள் உர்ர் உர்ரென்று உருட்டிக்கொண்டு வருமோ அப்படி உருட்டிக்கொண்டே வந்ததாம், சுற்றின மூன்று சுற்றிலும் அந்தச் சத்தம் நிற்கவில்லையாம். இதைப் பிரகாசி மதினி எங்களிடம் ரொம்ப நாள் கழித்துத்தான் சொன்னாள், சொல்லும்போது வேறு எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னாள்.

திரும்பி வந்து பார்த்தால், அடுக்களை வாசலில் விழுந்த வெயிலில் கொழுத்த நிழல் படுத்திருந்தது. வாலை மெல்ல ஆட்டிக்கொண்டிருந்தது. பூனை இல்லை, நிழல் மட்டும்.

சாக்கு பழசு, அடியில் ஓட்டை இருந்திருக்கும், வழியில் நழுவியிருக்கும் என்றாள் சாக்கு கொடுத்தவள். இருக்கும் என்றோம் நாங்கள். அதற்குமேல் யாரும் ஆராயவில்லை.

"கெளுத்தி எங்கம்மா?" என்று கேட்டாள் சாயங்காலம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த அக்சிலியா.

"டாக்டரம்மா ஆஸ்பத்திரியிலயே வச்சுக்கிட்டாவட்டி. சரியானதும் அனுப்புவாவ."

பிள்ளை வாசலில் கிடந்த நிழலைப் பார்த்தாள்.

"நான் அழுவேன்னு நிழல மட்டும் அனுப்பி விட்ருக்காவ, என்னம்மா? நல்ல டாக்டரம்மால்லா?"

சலேத்து அடுப்பை ஊதப் போய்விட்டாள். அடுப்பு கேஸ் அடுப்பு.

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்த நிழலை எங்களுக்குப் பிடித்துப்போயிற்று. முடி கொட்டாது, இருமாது, எந்த மருந்தும் வேண்டாம், வாந்தி எடுக்காது, காக்காய்கள் அதைக் கண்டு மிரண்டு களத்துப் பக்கமே இறங்குவதில்லை, நெத்திலி மேல் நடந்தாலும் கெளுத்தியைப்போலக் காலால் கலைப்பதில்லை. நோவில்லாத பாதி நம்மிடம் இருக்கிறது, நோவுள்ள பாதி போய்விட்டது, இதைவிட வேறு என்ன வேண்டும் என்று குழாயடியில் பேசிக்கொண்டோம். "பூனைன்னா இப்படில்லா இருக்கணும்!" என்று ஒருத்தி சொல்ல எல்லாரும் சிரித்தோம். பிள்ளைகள் அதைத் தாண்டித் தாண்டி விளையாடினார்கள். அக்சிலியா மட்டும் தினமும் ஒரு நெத்திலியை அதன் வாய்க்கு நேராக வைப்பாள். நெத்திலி அப்படியே கிடக்கும். "அங்க ஆஸ்பத்திரியில திங்கும்," என்று அவளே சமாதானம் சொல்லிக்கொள்வாள்.

அப்புறம் ஒருநாள் அந்த நிழல் குனிந்து மணலில் வாயை வைத்தது. வைத்த வேகத்தில் தலையைச் சிலுப்பிக்கொண்டு பின்னால் வந்தது. திரும்பவும் போய் வாயை வைத்தது, திரும்பவும் சிலுப்பியது. காலையிலிருந்து உச்சிவரைக்கும் இதையே செய்துகொண்டிருந்தது. என்ன விளையாட்டு இது என்று பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்தது, புரிந்ததும் ஒவ்வொருத்தியாகத் தலையைக் குனிந்துகொண்டோம். உப்பளத்துப் பாத்தித் தண்ணி என்ன ருசி என்று எங்களுக்குத் தெரியாதா? கெளுத்தி அங்கே தண்ணிக்கு அலைகிறது. அங்கே அது செய்கிறதை இந்த நிழல் இங்கே செய்துகாட்டுகிறது.

அன்றிலிருந்து எல்லாம் எங்கள் களத்தில்தான் நடந்தது. ஒருநாள் நிழல் முதுகை வில்லாக வளைத்து, பின்னால் நகர்ந்து நகர்ந்து, வலை கட்டுகிற கல்தூணில் ஒடுங்கி நின்றது; எதிரே ஒன்றுமில்லை, ஆனால் உப்பளத்து நாய்களை எங்களுக்குத் தெரியும். மறுநாள் ஒரு பின்னங்காலைத் தரையில் வைக்காமல் நடந்தது. கொழுத்த நிழல் வற்றத் தொடங்கியது, வயிறு ஒட்டி, முதுகு துருத்தி, பழைய மெலிந்த நிழலுக்கும் இதற்கும் வித்தியாசமே இல்லாமல் போயிற்று. எங்களுக்குப் பார்க்க முடியவில்லை. ஓலைப்பாயைக் கொண்டுபோய் அதன்மேல் போட்டோம். பாய்க்கு மேலே படுத்திருந்தது. சாக்கைப் போட்டோம், சாக்கின் மேல் படுத்திருந்தது. நிழலை எதைப் போட்டு மூடுவது?

போய்க் கூட்டிவந்துவிடலாம் என்று எல்லார் மனசிலும் இருந்தது. ஆனால் கூட்டிவரலாம் என்று சொல்ல வேண்டுமென்றால், கொண்டுபோய் விட்டது நாம்தானே என்று முதலில் சொல்லியாக வேண்டும், அந்த முதல் பேச்சை யார் எடுப்பது? குழாயடியில் பேச்சு குறைந்தது. வெயில் ஏறினதும், மீனைப் புரட்டக்கூட இல்லாமல், ஆளுக்கொரு வேலை சொல்லிக்கொண்டு வீட்டுக்குள் போய்விடுவோம். பிரகாசி மதினி நிழலுக்கு முதுகைக் காட்டியே உட்காருவாள். அது இடம் மாறினால் அவளும் இடம் மாறுவாள். அக்சிலியா அந்தோனியார் கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றி வைத்துவிட்டு வந்து எங்களிடம் சொல்வாள்: "கெளுத்திக்கு ஆஸ்பத்திரியில ஊசி போட்ருக்காவ. காலு வலிக்கு போல. அதான் நொண்டுது." நாங்கள் ஆமாம் என்போம். அவள் இருமல் எப்போதோ நின்றிருந்தது.

ஒரு சனிக்கிழமை ஆடுகளுக்குத் தடுப்பூசி போட டாக்டரம்மா பூரணி எங்கள் ஊருக்கே வந்தாள். களத்து ஓரத்தில் மேசை போட்டு உட்கார்ந்தாள். ஆட்டைப் பிடித்துக்கொண்டு நாங்கள் வரிசையில் நின்றோம், ஆடு இல்லாதவர்கள் வாளை மீனைக் கீறிக்கொண்டிருந்தோம். வெட்டவெளியில், அத்தனை பேர் முன்னாலே, அக்சிலியா ஓடிவந்து மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

"டாக்டரம்மா, எங்க கெளுத்திய எப்ப அனுப்புவிய?"

"யாரு பாப்பா கெளுத்தி?"

"எங்க பூன. நீங்க ஆஸ்பத்திரில வச்சிருக்கியள்லா? தாடையில கட்டி. நிழல மட்டும் அனுப்பி விட்டியளே?" பிள்ளை கையை நீட்டினாள். "அதுக்குக் காலு நொண்டுது. பசிக்குதுன்னு நெனைக்கேன். அங்க அதுக்கு மீன் குடுக்கியளா? அது நெத்திலி தலைய மட்டும் திங்காது, கிள்ளிப் போட்டுட்டுக் குடுக்கணும்."

டாக்டரம்மா கல்தூணுக்குப் பக்கத்தில் ஒடுங்கிக் கிடந்த நிழலைப் பார்த்தாள். அப்புறம் எங்களைப் பார்த்தாள். வாளை மீனைக் கீறுகிற கத்திகள் எல்லாம் நின்றுபோயின. சலேத்து ஒரே மீனைப் பிடித்துக்கொண்டு, அதன் வயிற்றுக்குள் எதையோ தேடுகிறவளைப்போலக் குனிந்திருந்தாள். ஆடுகள் மட்டும் கத்திக்கொண்டிருந்தன. இந்தப் பொம்பிளை இப்போது கேட்கப்போகிறாள், பிள்ளை முன்னாடி வைத்து நாக்கைப் பிடுங்குகிற மாதிரி கேட்கப்போகிறாள் என்று நாங்கள் காத்திருந்தோம். அப்படிக் கேட்டிருந்தால்கூட நன்றாயிருந்திருக்கும்.

"அம்மாட்ட சொல்லிருக்கேன் பாப்பா," என்றாள் டாக்டரம்மா. "இன்னைக்கு வந்து கூட்டிட்டுப் போகச் சொல்லிருக்கேன். கூட்டிட்டு வந்துருவாங்க."

பிள்ளை குதித்துக்கொண்டு ஓடினாள். டாக்டரம்மா அடுத்த ஆட்டைக் கூப்பிட்டாள். எங்கள் யார் முகத்தையும் பார்க்காமல் ஊசி போட்டாள். நாங்களும் அவளைப் பார்க்காமல் ஆட்டைப் பிடித்துக்கொண்டோம்.

சாயங்காலம் வெயில் இறங்கியதும் எங்கள் நிழலெல்லாம் வழக்கம்போலக் கடலைப் பார்த்துக் கிழக்கே நீண்டது. கெளுத்தியின் நிழல் மட்டும் வெயிலுக்கு எதிராக, மேற்கே பார்த்து நீண்டது. களத்தைத் தாண்டி, குழாயடியைத் தாண்டி, ஓடைத் தண்ணி மேலே கறுப்புக் கோடாக நீண்டு அந்தப்பக்கம் ஏறியது. சலேத்து கத்தியைக் கழுவி வைத்தாள், கையைக் கழுவினாள், முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அந்தக் கோட்டோடு நடந்தாள். யாரையும் கூப்பிடவில்லை. கொஞ்ச தூரம் போனபிறகு பிரகாசி மதினி ஒரு சொம்பில் நல்லதண்ணியை எடுத்துக்கொண்டு பின்னால் போனாள். அப்புறம் சாக்கு கொடுத்தவள், கயிறு கொடுத்தவள், மீன்தலை கொடுத்தவள், ஒன்றும் கொடுக்காமல் சிரித்தவர்கள். ஒருத்தி இன்னொருத்தியைப் பார்க்கவில்லை. ஓடையில் முழங்கால் தண்ணியில் நாங்கள் நடக்கிற சத்தம் மட்டும்தான் கேட்டது.

நிழலின் தலை உப்பளத்து மோட்டார் கொட்டகை ஓரத்தில் போய் முடிந்தது. உடைந்த குழாய்க்கு அடியில் கெளுத்தி கிடந்தது. கண்ணில் பீளை கட்டி, மேலெல்லாம் உப்புப் பூத்து, பக்கத்தில் அதன் இன்னொரு நிழலும் சுருண்டு கிடக்க, உயிரோடு இருந்தது. கட்டி அதே அளவில்தான் இருந்தது.

"கெளுத்தி," என்றாள் சலேத்து, கையை நீட்டி.

அது எழும்பிப் பின்னால் போனது. சலேத்து ஓர் எட்டு வைக்க, அது நொண்டிக்கொண்டே குழாய்க்குள் இன்னும் உள்ளே போனது. பிரகாசி மதினி சொம்பை வைத்தாள். அவள் கை விலகுகிறவரைக்கும் அது தண்ணியைப் பார்த்துக்கொண்டே இருந்ததே தவிர வரவில்லை, அவள் தள்ளிப்போன பிறகும் வரவில்லை. நாங்கள் ஒவ்வொருத்தியாகக் குனிந்து கூப்பிட்டோம். அது எங்கள் ஒவ்வொருவர் கையையும் மோந்து பார்க்கிற தூரத்திலிருந்தே அறிந்து வைத்திருந்தது.

சலேத்து நிமிர்ந்தாள். யாருக்கும் சொல்லாமல் பிள்ளை தூங்கினபிறகு பூனையை வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடலாம், காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டது என்று சொல்லிவிடலாம் என்றுதான் அவள் நினைத்திருப்பாள், நாங்களும் அதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தோம். இனி அதற்கு வழியில்லை.

"நான் போய்ப் பிள்ளையக் கூட்டிட்டு வாரேன்," என்றாள்.

"ஏட்டி..." என்றாள் பிரகாசி மதினி.

"அது வேற யாருட்டயும் வராது மதினி."

வெளிச்சம் மங்குவதற்குள் அக்சிலியாவை இடுப்பில் வைத்து ஓடையைக் கடந்து கொண்டுவந்தாள். பிள்ளை நல்ல கவுன் போட்டிருந்தாள், தலை சீவி, பவுடர் அடித்திருந்தாள், ஆஸ்பத்திரிக்கல்லவா போகிறாள். இறக்கிவிட்டதும் சுற்றிப் பார்த்தாள். கொட்டகையைப் பார்த்தாள், பாத்திகளைப் பார்த்தாள், நின்றுகொண்டிருந்த எங்கள் எல்லாரையும் பார்த்தாள்.

"எம்மா, இதா ஆஸ்பத்திரி?"

சலேத்து பிள்ளையின் உயரத்துக்குக் குனிந்தாள்.

"இல்லட்டி. ஆஸ்பத்திரி இல்ல. அம்மாதான் சாக்குல கட்டிக் கொண்டாந்து இங்க விட்டேன். டாக்டரம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது."

"ஏம்மா?"

"அதுக்கு என்ன நோவுன்னு தெரியல. ஒனக்கு வந்துருமோன்னு பயம்."

"நாங்களுந்தான் மக்ளே," என்றாள் பிரகாசி மதினி. அவள் குரல் அவ்வளவு சின்னதாக ஒருநாளும் கேட்டதில்லை. "நாங்க எல்லாருந்தான்."

பிள்ளை அழவில்லை. அழுதிருந்தால் ஒருத்தி ஓடிப்போய்த் தூக்கியிருக்கலாம். குழாய் முன்னால் முட்டிபோட்டு உட்கார்ந்து, நல்ல கவுனெல்லாம் உப்பாக, நாக்கைச் சொடுக்கினாள். கெளுத்தி உர்ர் உர்ரென்று உருட்டிக்கொண்டே வெளியே வந்து, அவள் மடியில் ஏறி, அதன்பிறகு சொம்புத் தண்ணியைக் குடித்தது. நீண்டு கிடந்த நிழல் மெல்லச் சுருங்கி வந்து அதன் வலப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டது. இரண்டும் ஒரே மாதிரி மெலிவு. திரும்பும்போது பிள்ளை அதைத் தானே தூக்கிக்கொண்டாள், கனத்தது, வாங்கிக்கொள்ள நீட்டின எந்தக் கையிலும் கொடுக்கவில்லை, ஓடையில்கூட அம்மா இடுப்பில் ஏற மாட்டேன் என்று தானே நடந்தாள், வயிறுவரைக்கும் தண்ணியில் பூனையைத் தலைக்குமேலே பிடித்துக்கொண்டு. நாங்கள் பின்னால் வந்தோம்.

கெளுத்திக்கு என்ன நோவு என்று இன்றுவரைக்கும் தெரியாது. டாக்டரம்மா மருந்து கொடுக்கிறாள், பொறுத்துப் பார்க்கச் சொல்கிறாள். சாப்பிடத் தொடங்கியிருக்கிறது, கட்டி சில வாரம் சின்னதாகிறது, சில வாரம் பெரிசாகிறது. இரண்டு நிழலில் ஒன்று கொழுக்கிறது, மற்றது கொழுக்கவில்லை. வலைகளை நகர்த்தி, களத்துக்கு நடுவே பூனையும் இரண்டு பக்கத்து நிழலும் சேர்ந்து போகிற அகலத்துக்கு வழி விட்டிருக்கிறோம், அந்த வழியில் யாரும் மீன் காயப்போடுவதில்லை.

அக்சிலியா எங்களோடு பேசுகிறாள், சிரிக்கிறாள், அம்மாவோடும் முன்னைப்போலத்தான் இருக்கிறாள். ஒன்றுதான். களத்தில் யார் சாக்கை எடுத்தாலும், எங்கே விளையாடிக்கொண்டிருந்தாலும் விட்டுவிட்டு வந்து பக்கத்தில் நிற்பாள். ஒன்றும் சொல்ல மாட்டாள், சாக்குக்குள் எட்டிப் பார்ப்பாள், பார்த்துவிட்டுப் போவாள். கருவாட்டுக் களத்தில் ஒரு நாளைக்கு எத்தனை தரம் சாக்கு எடுக்க வேண்டியிருக்கிறது! முதலில் சலேத்துதான், பிள்ளை வந்து எட்டிப் பார்ப்பதற்கு முன்னாலே, சாக்கைத் தலைகீழாகப் பிடித்து, நன்றாக உதறி, உள்பக்கத்தை வெளியே புரட்டிக் காட்டிவிட்டு, அதன்பிறகு மீனை அள்ளத் தொடங்கினாள். பிறகு பிரகாசி மதினி. பிறகு நாங்கள் எல்லாரும். பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருக்கும் நேரத்திலும் இப்போது உதறிப் புரட்டாமல் ஒரு சாக்குக்கூட நிரம்புவதில்லை. புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண்கள், ஏன் என்று கேட்காமலே பழகிக்கொண்டுவிட்டார்கள்.

போனமுறை லாரியோடு வந்த அருமைநாயகம் இதைப் பார்த்துவிட்டார். மூக்கிலிருந்து கைக்குட்டையை எடுத்துவிட்டு, தன்னோடு வந்திருந்த ஆளிடம் காட்டிச் சொன்னார்: "பாரும், ஒவ்வொரு சாக்கையும் எப்படி உதறிப் பாத்துக் கட்டுதாவ. இந்தக் கடக்கரையில இவ்வளவு சுத்தமான களம் வேற எங்கயும் கெடையாது."

நாங்கள் யாரும் நிமிரவில்லை. கெளுத்தி தன் வழியில், இரண்டு நிழலோடு, எங்களைத் தாண்டிப் போனது.